கிணற்றுக்காரி சொன்னது

இருட்டான மாயக்கதைப் படம் ஏதாவது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் ஒரே ஒரு படத்தைத்தான் சொல்வேன். ஸ்பானிஷ் படம். பெரிய நடிகர்கள் கிடையாது, சண்டை கிடையாது, ஒரு மணி ஐம்பது நிமிஷம். பெயரைத் தமிழில் சொன்னால் 'உப்புக் கிணறு' என்று வரும். அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு வந்து யாரும் என்னைத் திட்டியதில்லை.

உனக்கு மட்டும் சொல்லவில்லை, பாப்பா. அம்மா போன இந்தப் பத்து மாதத்தில் நீ மூன்று தடவை கேட்டாய். "அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்ன படம் எது மாமா?" பெயர் மறந்துவிட்டது என்றேன். நேற்று நீயே தேடிக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். கீழே எழுத்து ஓடும் பிரதியாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் உட்காரவைத்துப் பார்க்கப்போகிறாயாம், நானும் வர வேண்டுமாம். நான் வரவில்லை. நீ பார்ப்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். பேசினால் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய்.

அக்கா உனக்கு அம்மா. எனக்கு அவள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதினாறு. அப்பா இருந்தும் இல்லாத மனுஷர். அக்கா படிப்பை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் கண்ணாடித் தூள் மினுங்கும். அது என் மேல் படக்கூடாதென்று முழங்கையால் இடித்துத்தான் கொஞ்சுவாள். கல்லூரியில் நான் இரண்டு வருஷம் கோட்டை விட்டபோது என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்த்தவளும் அவள்தான்.

"உலகத்துல இத்தனை கோடிப் பேர் பேசுறாங்களாம். அதுல ஒருத்தன்கூடவா உனக்கு வேலை குடுக்க மாட்டான்?"

கொடுத்தான். பதினைந்து வருஷமாகத் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கும் அடுப்புகளுக்கும் கையேடு மொழிபெயர்க்கிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. அந்த வேலையில் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்கேயோ ஒருவருக்குக் கை போய்விடும். அலுவலகத்தில் நான் அதை ஒருநாளும் மீறியதில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

சர்க்கரை முதலில் அக்காவின் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கடைசி இரண்டு வருஷம் அவளுக்குத் தெரிந்தது. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டேன், என் கண்ணை எந்தச் சட்டத்துல விட்டேன்னு தெரியலை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நீ வெளியூரில் விடுதியில் இருந்தாய். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் அத்தான் கூட்டிப் போவார். சனிக்கிழமை அவருக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை இருக்கும் என்பதால் சனிக்கிழமை என்னுடையது.

அந்த அறையை நீ ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய். எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம், ஜன்னலோரம் அக்கா. இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தைத் தொட்டால் உள்ளே வண்டு அடைபட்ட மாதிரி அதிரும். இரண்டு ஊசி, நாலு மணி நேரம். தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு சின்ன ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

"கதை ஏதாவது சொல்லேண்டா. மேல பாத்துக்கிட்டே கெடக்குறேன், மேலயும் ஒண்ணும் தெரியலை."

அப்போதுதான் அந்தப் படத்தைச் சொன்னேன். எனக்கு ரொம்பப் பிடித்த படம், நீ கேட்டுத்தான் ஆகணும் என்றேன். அதைச் சிபாரிசு செய்தபோது என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல மத்தியானம் கொடுக்க நினைத்தேன், அவ்வளவுதான்.

மடிக்கணினியைச் சாப்பாட்டுப் பலகையில் வைத்தேன். இயர்போனின் ஒரு முனை அவள் வலது காதில், மறு முனை என் காதில். அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் என் வாய். அவர்கள் பேசுவதையும் திரையில் தெரிவதையும் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். உப்பளங்கள் சூழ்ந்த ஒரு ஊர். அங்கே சிலருக்கு நிழல் கறுத்து அழுகும் நோய் வருகிறது. அதில் ஒருத்தி, உப்பு வாரும் பெண், தன் தம்பியை வளர்க்கிற அக்கா. மூன்று நாளைக்கு ஒரு தடவை அவள் கிணற்று விளிம்பில் படுத்து நிழலை உள்ளே தொங்கவிட வேண்டும். அடியில் இருக்கிற கிணற்றுக்காரி அதை அலசிப் பிழிந்து மேலே அனுப்புவாள்.

"இவளுக்கும் என்னை மாதிரி முறை வெச்சுத்தானா? பாவம்" என்றாள் அக்கா. "இவளோட டெக்னீஷியன் கிணத்துக்குள்ள இருக்கா போல."

அவளுக்குக் கிணற்றுக்காரியின் குரல் பிடித்துப்போயிற்று. பத்துப் பேர் சேர்ந்து கிசுகிசுக்கிற மாதிரி ஒரு குரல். நடுவில் ஒரு இடத்தில், "ஏண்டா இவங்க ஆளாளுக்கு சீ, சீன்னு சொல்லிக்கிறாங்க? அவ்வளவு அருவருப்பா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில்காரர் கண் விழித்தார். அர்த்தம் சொல்வதற்குள் அவள் கையை அசைத்துவிட்டாள், இயந்திரம் கத்தியது, நர்ஸ் ஓடி வந்தாள். அப்படியே அது விட்டுப்போயிற்று.

கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ஆரம்பித்தோம் என்பதால் பாதிப் படத்தில் நேரம் முடிந்தது. ஆரோக்கியமான ஒருவர் தன் நிழலில் பாதியை வெட்டிக் கொடுத்தால் நோய் தீரும் என்று தம்பி தெரிந்துகொள்ளும் இடம்.

"குடுப்பானாடா அவன்?" என்றாள்.

"அடுத்த சனிக்கிழமை சொல்றேன்."

இடையில் புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில், யாரும் கேட்காமலே, "என் கிட்னி ஒண்ணை எடுத்துக்கச் சொல்லுங்க" என்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாய். அத்தானின் ரத்த வகை சேரவில்லை, உன்னை அக்கா கேட்கவே விடமாட்டாள். எனக்கும் சேராது என்று எனக்குள் ஏதோ ஒரு தைரியம். சேர்ந்துவிட்டது. அச்சில் வார்த்த மாதிரி சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர்.

பிறகு ஒரு ஆலோசகர் அம்மா என்னைத் தனியறையில் உட்காரவைத்தார். கண்ணியமான பெண்மணி. "உங்களுக்கு மனசில்லைன்னா இப்பவே சொல்லலாம். மருத்துவக் காரணத்தால முடியலைன்னு மட்டும் எழுதிக் குடுப்போம். உங்க வீட்டுல யாருக்கும் வேற எதுவும் தெரியவராது" என்றார்.

எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். படியிறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றேன். அங்கேயே உட்கார்ந்தேன். பெருக்குகிற பெண் வந்து, காலைத் தூக்குங்க சார் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா திறந்துவிட்ட கதவு வழியாக நான் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். போயிருந்தால், நான் பயந்தவன் என்பது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் எனக்கும். இரண்டு பேர் அதிகம் என்று எனக்குப் பட்டது.

வியாழனும் வெள்ளியும் நான் அலுவலகத்தில் ஒரு பக்கம்கூட முடிக்கவில்லை. கழிவறையில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என் விலாவைப் பார்ப்பேன். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் தோல். அதை அறுத்துத் திறக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் வாயெல்லாம் உலோகம் மாதிரி ருசிக்கும். முப்பத்தெட்டு வயது ஆள். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு மேஜை. எதைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனை நடுக்கம் என்று எனக்கே விளங்கவில்லை. விளங்காத பயத்தோடு வாதாட முடியாது, பாப்பா.

சனிக்கிழமை வந்தது. அக்காவுக்கு அன்று ஊசி சரியாக ஏறவில்லை, இரண்டாம் தடவை குத்தினார்கள். அவள் முகம் சுளித்துவிட்டு, "போடுடா படத்தை" என்றாள்.

படத்தில் நடப்பது இதுதான். தம்பி கிணற்றில் இறங்கிப் பாதி நிழலைக் கொடுக்கிறேன் என்கிறான். அக்கா மேலிருந்து, அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறாள். கிணற்றுக்காரி சொல்கிறாள்: "ஒரு மனிதனுக்குப் பாதி நிழல் போதும். மீதியை அவன் பயத்துக்காகத்தான் வைத்திருக்கிறான்." அந்த வசனத்துக்காகவே அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இடம் வந்ததும் நான் பேசாமல் இருந்தேன். "என்னடா சொல்றா அவ?" என்றாள் அக்கா.

"பாதி குடுத்தவன் நாளுக்கு நாள் கரைஞ்சுடுவானாம்" என்றேன். "முதல்ல அவன் குரல் போகுமாம். அப்புறம் முகம். ஏழு வருஷத்துல உப்பாயிடுவானாம். அதைப் பத்தி யாரும் குடுக்கறவன்கிட்ட சொல்ல மாட்டாங்களாம்."

இது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வாக்கியம் வாக்கியமாக, நிதானமாக வந்தது.

அடுத்து கிணற்றுக்காரி அந்தப் பெண்ணிடம், அவன் தருவதை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும். பிறகு அந்தப் பெண் ஒரே ஒரு சொல் சொல்கிறாள்.

சீ.

அக்கா அதைத் தன் காதால் கேட்டாள். "சீன்னு சொல்லிட்டாளா?" என்றாள் மெல்ல.

ஸ்பானிஷில் 'சீ' என்றால் சரி என்று அர்த்தம், பாப்பா. ஆமாம், சம்மதம், ஏற்றுக்கொள்கிறேன். நான் அவள் காதருகே குனிந்து, "ஆமாக்கா. வேண்டாம்னுட்டா" என்றேன்.

படத்தின் கடைசியில் அக்காவும் தம்பியும் ஆளுக்குப் பாதி நிழலோடு வெயிலில் நடந்து போவார்கள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிப்பாள்.

"யாரோ சிரிக்கிறாங்களேடா?"

"அவதான். காத்தாயிட்டா. வலியெல்லாம் போயிடுச்சு, அதான் சிரிக்கிறா."

"தம்பி?"

"கரையில நிக்கிறான். முழு நிழலோட."

அவள் ஐஸ் கட்டி கேட்டாள், கொடுத்தேன். பிறகு, "நல்ல முடிவுடா" என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு படத்தைக் கேட்டுவிட்டு யாராவது வைத்தியத்தை விடுவார்களா என்று நீ நினைப்பாய். விடமாட்டார்கள். அவள் மனதில் ஏற்கெனவே ஒரு பாதி 'வேண்டாம்' இருந்தது. என்னை வளர்த்தவள் இல்லையா. மறு பாதியை நான் கொடுத்தேன். கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். அவர் போனதும், "அவருக்கென்ன, அவர் தம்பியா?" என்றாள்.

அத்தான் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "மாப்ள, அவ வாங்கிக்கலைன்னாலும் நீ குடுத்த மாதிரிதான்." நீ எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். 'உங்களை மாதிரி ஒரு மாமா யாருக்கும் கிடைக்க மாட்டாங்க' என்று. அதை நான் அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் படத்தை இன்னும் ஏழு தடவை போடச் சொன்னாள். இங்கேதான் எனக்குச் சிரமம் வந்தது. கண் தெரியாதவர்களுக்கு ஞாபகம் கூர்மை. போன தடவை 'உப்பாயிடுவான்' என்றவன் இந்தத் தடவை 'மண்ணாயிடுவான்' என்று சொன்னால் பிடித்துக்கொள்வாள். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எந்த நிமிஷத்தில் யார் பேசுகிறார்கள், எத்தனை விநாடி, அதற்குள் என் வாக்கியம் எப்படி அடங்க வேண்டும் என்று மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினேன். அழுகிறவன் ஏன் அழுகிறான், இசை ஏன் உயர்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளனாக நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று சொன்னால் நீ என்னை வெறுப்பாய். ஆனால் உண்மை அது.

மூன்று மாதம் கழித்து உன் அத்தை வந்தாள். பேருந்துப் பணிமனையிலிருந்து சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வீட்டுக்கு வந்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. "அண்ணி, எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு சும்மாதான் உக்காந்திருக்கு. ரத்தமும் ஒத்துப்போகுதாம். எடுத்துக்கோங்க" என்றாள். அவளுக்குப் பயமே இல்லை. காய்கறி கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

அக்கா அவள் கையைத் தடவிக்கொண்டே, "உனக்கும் முகம் இருக்குல்ல, போகக் கூடாதுல்ல" என்றாள். உன் அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

யோசித்துப் பார், அன்று நான் வாயைத் திறந்திருந்தால் என் மேல் ஒரு கத்திகூடப் பட்டிருக்காது. கொடுக்க வேறொருத்தி வந்துவிட்டாள். என் பயத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தேநீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைக்கவே எனக்கு நாலு குச்சி ஆயிற்று. திரும்பி வந்தபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் கழித்து இதயம் தளர ஆரம்பித்தது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் அத்தானிடம் சொன்னார்: "இப்ப ஒத்துக்கிட்டாக்கூடச் செய்யலாம். இன்னும் ஒரு மாசம் போனா உடம்பு தாங்காது." அத்தான் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பு அறையில், எண்ணெய்க் கறை படிந்த கையோடு நின்றார். "நீ சொன்னா கேப்பா மாப்ள. என்ன சொல்லணுமோ சொல்லு. உன் கால்ல விழறேன்."

மறுநாள், புதன்கிழமை, மதியம் போனேன். அத்தான் வேண்டுமென்றே வெளியே போய்விட்டார். அக்கா மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கிணற்றுக்காரி அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் இட்டுக்கட்டினேன், எனக்குப் பயமாக இருந்தது, கடைசியில் இரண்டு பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள், சிரிப்பது அதற்குத்தான் என்றேன். அந்தப் பெண் 'சீ' என்றது வேண்டாம் என்பதற்கு இல்லை, அந்த மொழியில் சீ என்றால் சரி என்றேன்.

அவள் சிரித்தாள். இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள்.

"போடா. சீன்னா சரியாம். என்னைப் பொழைக்க வைக்க இதைவிட நல்ல பொய் கெடைக்கலையா உனக்கு?"

"நெஜமாக்கா."

அவள் கையை நீட்டி என் முகத்தைத் தேடினாள். கன்னத்தில் ஈரம் விரலில் பட்டது. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"இன்னும் அந்தப் பழக்கம் போகலையா உனக்கு?" என்றாள். "என்னைக் காப்பாத்தணும்னு உன்மேலயே பழி போட்டுக்கிறியா? என் ராசா. நீ நல்லா இருக்கணும்டா. எனக்கு அது போதும்."

அத்தானிடம், சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை என்றேன். அக்கா ஏழு வாரம் இருந்தாள். அந்த ஏழு வாரத்தில் என் அலுவலகத்தில் ஸ்பானிஷ் தெரிந்த இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருந்தால் போதும். உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் நீ ஒரு நிமிஷத்தில் தேடிப் பார்த்து அம்மாவிடம் சொல்லியிருப்பாய். நான் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், நம்பாதது அவள் முடிவு என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பத்து மாதமும் அந்த நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டு நடமாடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. அந்தப் பழக்கம் என்றாளே, அது என்ன என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. சின்ன வயதில் நான் பொய் சொன்னால் அழுதுகொண்டேதான் சொல்வேன். உண்மையைச் சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்ததே இல்லை. அந்த வித்தியாசம் இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமை கட்டிலில் உட்கார்ந்த பிறகு எனக்கு அழுகை வந்தது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. உங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே, கதவைத் தட்டுவதற்கு முன்னால், நின்று நிதானித்து அதை வரவழைத்துக்கொண்டுதான் நான் உள்ளே போனேன்.